எச்சிவி ரியாக்டிவ்: ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

நம்பிக்கை: ‘ஆன்டி எச்சிவி ரியாக்டிவ்’ என்று வந்துவிட்டால் ஹெபடைடிஸ் சி உறுதி.

உண்மை: இல்லை. அந்தப் பரிசோதனை தேடுவது எச்சிவி எனப்படும் ஹெபடைடிஸ் சி வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு, மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் அகன்றுவிடுகிறது; எதிர்ப்பொருளோ பல ஆண்டுகள் தங்கும். தொற்றே இல்லாதவருக்கும் எப்போதாவது தப்பாக ரியாக்டிவ் காட்டும். ரத்தத்தில் வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் எச்சிவி ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். பெரும்பாலும் பிசிஆர் முறையில் செய்வார்கள்.

தானம் கொடுத்த ரத்தம் ரியாக்டிவ் என்று ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்ததும் பதறி, அதே எதிர்ப்பொருள் பரிசோதனையை லேப் லேபாக மாற்றி எடுப்பவர்கள் உண்டு. வீண் செலவு. எத்தனை முறை ரியாக்டிவ் வந்தாலும், வைரஸ் இப்போது இருக்கிறதா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம்.

நம்பிக்கை: நெகடிவ் என்றால் நிம்மதி.

உண்மை: எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எதிர்ப்பொருள் தென்பட வழக்கமாக 8 முதல் 11 வாரம் ஆகும். ஆர்என்ஏ ஓரிரு வாரத்திலேயே தெரியும். பிறருக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திய மறுநாள் நெகடிவ் வந்தால் அதற்கு முன்பு தொற்று இருந்ததாகத் தெரியவில்லை என்றுதான் பொருள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் எதிர்ப்பொருள் சரியாக உருவாகாமலே போகலாம்.

நம்பிக்கை: எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) நார்மல், அப்படியானால் கல்லீரலில் கிருமி இல்லை.

உண்மை: நாள்பட்ட தொற்றிலும் எல்எஃப்டி நார்மலாக வருவதுண்டு.

நம்பிக்கை: வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) லட்சக்கணக்கில் இருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது.

உண்மை: இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள ஏஎஸ்டி என்ற நொதி, பிளேட்லெட் ஆகியவற்றின் அளவுகளை வைத்தும் ஃபைப்ரோஸ்கேன் மூலமும் மதிப்பிடுவார்கள்.

நம்பிக்கை: குணமானால் ரிப்போர்ட் நெகடிவ் ஆகிவிடும்.

உண்மை: ஆர்என்ஏ ரிப்போர்ட் ஆகும், எதிர்ப்பொருள் ரிப்போர்ட் ஆகாது. மாத்திரை முடித்த 12 வாரம் கழித்தும் ஆர்என்ஏ தென்படாவிட்டால் குணம் என்று கணக்கு. பின்னாளில் ஏதாவது ஆபரேஷனுக்கு முன் எடுக்கும், எதிர்ப்பொருளைத் தேடும் கார்டு டெஸ்ட் மறுபடி ரியாக்டிவ் காட்டி வீட்டாரைக் கலங்கடிக்கும். அப்போது காட்ட அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எஞ்சியிருக்கும் எதிர்ப்பொருள் அடுத்த தொற்றைத் தடுக்காது. மறுபடி தொற்றியதா என்று சந்தேகம் வந்தால் நேரே ஆர்என்ஏ பரிசோதனைதான்.