வீட்டு முற்றமே பயிற்சிக்கூடம்

“உங்கள் ஊரில் வலது குறைந்தவர்கள் எத்தனை பேர்?” என்று ஒரு கிராமத்திலே கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒருவரும் இல்லையே” என்பார் ஒருவர். சந்தியில் ஊன்றுகோலுடன் நிற்கும் ஒருவரைக் காட்டுவார் இன்னொருவர். ஆனால் படலையைத் திறந்து வீடு வீடாகச் சென்றால் கணக்கு வேறாகிவிடும். பின் அறையில் பாயிலே கிடக்கும் பத்து வயதுப் பிள்ளை, காது கேளாததால் “மந்தம்” என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்ட சிறுமி, வலிப்பு வருமென்று கிணற்றடிக்கும் விடப்படாத இளைஞன், இவர்களெல்லாம் அப்போதுதான் தெரிய வருவார்கள். இவர்கள் சந்திக்கு வருவதில்லை. ஆகவே ஊரின் கணக்கிலும் வருவதில்லை.

இவர்களை வீட்டுக்குள் வைத்திருப்போர் கொடியவர்கள் அல்லர். வெட்கமும் பயமும் ஒருபுறம் இருக்க, பாசமே பல வீடுகளில் காரணமாகிறது. “பாவம், பிள்ளையை ஏன் கஷ்டப்படுத்துவான்?” என்று தாயே ஊட்டுகிறாள், தாயே உடுத்துகிறாள், தாயே தூக்கிச் செல்கிறாள். பிள்ளை வளர்கிறது. தாயின் முதுகு வளைகிறது. “எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள்?” என்ற கேள்வி அவளது இரவுகளைத் தின்கிறது. அந்தத் தாயிடம் அன்புக்குக் குறைவில்லை. குறைவாயிருப்பது பயிற்சியே.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு

முற்காலத்தில் புனர்வாழ்வு என்றால் நகரத்து நிலையம் ஒன்றே நினைவுக்கு வரும். அங்கு செல்லப் பணமும் வாகனமும் உள்ள சிலரே பயன் பெற்றனர். 1978 ஆம் ஆண்டு அல்மா-ஆத்தாவில் நடைபெற்ற மாநாடு, ஆரம்ப சுகாதார சேவையில் புனர்வாழ்வும் ஒரு பகுதியெனப் பிரகடனஞ் செய்தது. இதனையொட்டி உலக சுகாதார ஸ்தாபனம், வலது குறைந்தோரை அவர்களின் ஊரிலேயே பயிற்றுவதற்கான கைநூலொன்றை ஆக்கிப் பல நாடுகளிற் பரீட்சித்து, 1989 இல் திருத்தி வெளியிட்டது. அதை ஆக்கிய நால்வருள் ஒருவர் நம் நாட்டு இயன்மருத்துவரான பத்மனி மென்டிஸ் அம்மையார் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

அந்நூலில் 4 வழிகாட்டிகளும் 30 பயிற்சிப் பொதிகளும் உள்ளன. வழிகாட்டிகள் ஊர்த் தொண்டருக்கும், ஊர்க் குழுவுக்கும், வலது குறைந்தோருக்கும், ஆசிரியர்களுக்கும் உரியவை. பயிற்சிப் பொதிகளோ பார்த்தல், கேட்டல், நடத்தல், கற்றல் முதலியவற்றில் இடர்ப்படுவோரின் வீட்டாருக்காக எழுதப்பட்டவை. அதாவது, பயிற்றுநர் தாயே, தமையனே, பாட்டியே. ஊர்த் தொண்டர் வீடு தேடிச் சென்று அவர்களுக்குக் கற்பிப்பார். மருத்துவரும் இயன்மருத்துவரும் பின்னின்று தொண்டருக்குக் கற்பிப்பார்கள்.

எவற்றைக் கற்கலாம்?

சிலவற்றை இங்கே பார்ப்போம்.

மூளைவாதமுள்ள பிள்ளையைக் கிடத்தி உணவூட்டினால், உணவு மூச்சுக்குழாய்க்குட் செல்லக்கூடும். நிமிர்த்தி இருத்தி, தலை சற்று முன்னே சாய்ந்திருக்க, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். தானாக இருக்க முடியாத பிள்ளைக்குச் சுவர் மூலையிலே முண்டு கொடுக்கலாம். நடை பழக, முற்றத்தில் நான்கு கட்டைகள் நட்டு, இரு பக்கமும் இடுப்பளவு உயரத்திற் கம்பு கட்டினாற் போதும். ஊர்த் தச்சன் ஒரு பொழுதில் முடித்துவிடுவான்.

போரிலே முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோர் வடக்கிலும் கிழக்கிலும் பலர் உள்ளனர். இவர்களின் பெரும் பகை படுக்கைப் புண். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கொரு தடவை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். செலவில்லாத இவ்வழக்கம் ஓர் உயிரையே காக்க வல்லது.

வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டிற் சரித்துவிட வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கையில் இரும்பு கொடுப்பதாற் பயனில்லை. மருந்தை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. காது கேளாத பிள்ளையுடன் பேசும்போது நம் முகத்தில் வெளிச்சம் விழ, நேரே பார்த்துப் பேச வேண்டும், கைச்சாடையைத் தடுக்கலாகாது.

இவை யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: பிள்ளை தானே செய்யக்கூடியதை நாம் செய்துவிடலாகாது. சட்டைப் பொத்தான் பூட்ட அரை மணி எடுக்கிறதா? எடுக்கட்டும்.

தொண்டர் மறக்கலாகாதவை

பயிற்சி பெற்ற தொண்டர் வைத்தியர் ஆகிவிடுவதில்லை. தம் எல்லையறிந்து, உரிய வேளையில் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும். அடுத்தது, திரும்பப் போதல். ஒரு நாட் கருத்தரங்கு, ஒரு புகைப்படம், ஒரு சக்கர நாற்காலி என்று முடியும் பணி நிலைக்காது. நாற்காலியின் சில்லு பழுதானால் யாரிடம் போவதென்று அவ்வீட்டாருக்குத் தெரிய வேண்டும். பயிற்சியில் ஒரு படி முடிந்தால் அடுத்த படியைக் காட்ட ஆள் வர வேண்டும். சோர்ந்துபோன தாய்க்கு, அடுத்த கிழமையும் படலை திறக்கும் என்ற நம்பிக்கையே பாதி மருந்து.

உரிமையும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலது குறைவைக் காட்டி வேலையிலோ பாடசாலை அனுமதியிலோ பாரபட்சங் காட்டலாகாது என்கிறது. ஆனால் பின் அறையிற் கிடக்கும் பிள்ளையைச் சட்டம் தேடி வராது. ஆள்தான் தேடிச் செல்ல வேண்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. நம் ஒழுங்கையில், நாம் பல மாதமாகக் காணாத பிள்ளை யாராவது உண்டா?

2. நம் வீட்டில், ஒருவர் தாமே செய்யக்கூடியதைப் பாசத்தால் நாம் செய்து வருகிறோமா?

3. இந்தக் கிழமை யாருடைய படலையைத் திறக்கப் போகிறோம்? அடுத்த கிழமையும் போவோமா?