கணக்கு வராதவர் எலக்ட்ரிக்கல் படிக்கலாமா?

படிக்கலாம். கணக்கே இல்லாத எலக்ட்ரிக்கல் கோர்ஸ் எங்காவது கிடைக்கும் என்று தேடினால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். எந்தக் கணக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இடையஞ்சாவடி கிராமத்தில் இருப்பவருக்கு இந்தத் துறை தூரத்து விஷயம் இல்லை. பக்கத்தில் ஆரோவில். அங்கே சோலார் வேலை பல வருஷமாக நடக்கிறது. வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும், உப்புக் காற்றில் டெர்மினல் அரித்துக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சோலார் என்பது இலக்கு. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வேலை வருகிறது, போட்டியும் வருகிறது. பேனலைத் தூக்கி மாட்ட ஆள் தாராளம். ஒரு பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 49 என்றால் பத்தை சீரியஸில் போட்டால் 490, குளிரில் இன்னும் ஏறும், இந்த இன்வர்ட்டர் அதைத் தாங்குமா என்று பார்க்கத் தெரிந்தவர் குறைவு. சம்பளம் பிரிவது அந்த இடத்தில்.

1. சரியான வாசலில் நுழையுங்கள். கணக்கில் வீக் என்றால் நேராக டிப்ளமோவில் குதிக்காதீர்கள். முதல் வருஷத்திலேயே இன்ஜினியரிங் மேத்தமேடிக்ஸ் வந்து அரியரில் உட்கார வைக்கும். பத்தாவது முடித்தவருக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் 2 வருஷம். எட்டாவது முடித்தவருக்கு வயர்மேன். அங்கேயும் வொர்க்‌ஷாப் கால்குலேஷன் உண்டு, ஆனால் கை முதலில் பழகும், கணக்கு பின்னால் வரும். ஐ.டி.ஐ. முடித்தபின் லேட்டரல் என்ட்ரியில் டிப்ளமோ இரண்டாம் வருஷம் சேரலாம். முதல் வருஷக் கணக்கு மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். அடுத்து வரும் சர்க்யூட் தியரி, அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையை அதற்கே ஒதுக்குங்கள்.

2. பட்டியலைச் சுருக்குங்கள். பின்னம், தசமம், சதவீதம். மில்லி, கிலோ, மெகா மாற்றுவது. ஃபார்முலாவில் வேண்டியதை ஒரு பக்கம் கொண்டுவருவது: V = IR தெரிந்தால் R எவ்வளவு என்று தயங்காமல் சொல்ல வேண்டும். பிதாகரஸ். சைன், காஸ். ரூட் 2, ரூட் 3. ஐ.டி.ஐ.யில் நிற்க இவ்வளவு போதும். பிதாகரஸ் எதற்கு? ரெசிஸ்டன்ஸ் 30 ஓம், ரியாக்டன்ஸ் 40 ஓம் என்றால் மொத்தம் 70 இல்லை, 50. 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் ஓடும். 70 என்று எழுதியவர் பரீட்சையில் மார்க்கை இழப்பார், சைட்டில் தப்பான சைஸ் பிரேக்கரை வாங்கிவிடுவார்.

3. கணக்கை மோட்டாரிலிருந்து தொடங்குங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து வந்தால் பத்தாவதில் வந்த அதே பயம் திரும்ப வரும். இதை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒன்றரை ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர், கிலோமீட்டருக்கு 7.41 ஓம். பலர் 200 மீட்டருக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 400 மீட்டர். கிட்டத்தட்ட 3 ஓம். 9 ஆம்பியரால் பெருக்கினால் 27 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 203. மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மோட்டார் முக்கும், சூடேறும், காயில் கருகும். ஓனர் மோட்டார் கம்பெனியைத் திட்டுவார், ரீவைண்டிங் செய்வார், மறுபடியும் கருகும். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தால் இழப்பு 11 வோல்ட்தான். இதில் பெருக்கலும் கழித்தலும் தவிர வேறென்ன இருக்கிறது? இதை ஓனர் முன்னால் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அடுத்த வேலைக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.

4. 'ஜே'யைக் கண்டு ஓடாதீர்கள். டிப்ளமோவில் ஏ.சி. சர்க்யூட்டில் 'ஜே' போட்ட காம்ப்ளெக்ஸ் நம்பர் வரும்போது பாதி வகுப்பு கைவிடுகிறது. ஸ்டைன்மெட்ஸ் என்ற இன்ஜினியர் 1893இல் சிகாகோ மின்துறை மாநாட்டில் இந்த முறையை முன்வைத்தார். அதற்கு முன் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் போட்டுத் தவித்த இன்ஜினியர்களுக்குக் கூட்டல், பெருக்கலோடு வேலை முடிந்தது. உங்கள் சுமையைக் குறைக்க வந்த கருவி அது. ஒரு வாரம் தினமும் பத்துக் கணக்கு போட்டால் வசப்படும்.

5. பெரிய பெயர்களைக் காட்டித் தப்பிக்காதீர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937இல் கோவையில் மின்மோட்டார் தயாரித்தார். மைக்கேல் பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. 1831இல் மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். இரண்டும் உண்மை. இருவருமே இயந்திரத்தோடும் சோதனையோடும் வருஷக்கணக்கில் கிடந்தவர்கள். நீங்களும் அப்படிக் கிடக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. பாரடே சொன்னதைச் சமன்பாடாக்க மேக்ஸ்வெல் வந்தார். உங்கள் எஸ்டிமேட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

6. அளப்பதற்கு முன் எழுதுங்கள். க்ளாம்ப் மீட்டரை மாட்டும் முன் எத்தனை ஆம்பியர் காட்டும் என்று நோட்டில் குறியுங்கள், பிறகு பாருங்கள். வித்தியாசம் அதிகமானால் ஒன்று உங்கள் கணக்கு தப்பு, இல்லை மோட்டாரில் கோளாறு. எது என்று தேடுவதுதான் உண்மையான டியூஷன். யூனிட் இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

7. பேப்பரைச் சேர்த்து வையுங்கள். மின்வாரியத்தின் கள உதவியாளர் வேலைக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்கிறார்கள். ஐ.டி.ஐ. போகாமல் வயரிங் வேலையிலேயே வளர்ந்தவருக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு உண்டு. 21 வயதும் 5 வருஷ அனுபவமும் வேண்டும்.

8. இன்டர்வியூவில் வாயைத் திறந்து கணக்குப் போடுங்கள். "5 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கும்?" என்று கேட்டால் மனப்பாட பதில் மட்டும் போதாது. 5 பெருக்கல் 746, அதை ரூட் 3, 415, பவர் ஃபேக்டர், எஃபிஷியன்ஸி நான்கின் பெருக்குத்தொகையால் வகுத்தால் சுமார் 8 என்று வழியைச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் எர்த்திங் பற்றி இருக்கும். குழியில் உப்பும் கரியும் ஏன் போடுகிறோம் என்றால் மண்ணின் ரெசிஸ்டிவிட்டியைக் குறைக்க. அதே உப்பு எலக்ட்ரோடையும் அரிக்கும், கடலோரத்தில் ஜாயிண்டைக் கூடுதல் கவனத்தோடு செக் செய்ய வேண்டும் என்று நீங்களாகவே சேர்த்துச் சொல்லுங்கள். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 என்பதும் நாக்கில் இருக்கட்டும்.