வீட்டுக் கிளிக்கு ரத்தப் பரிசோதனை: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிக்கு நோயை மறைக்கத் தெரியும். கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வேட்டையாடிகள் முதலில் குறிவைக்கும் என்பதால், உடம்பு முடியாவிட்டாலும் நன்றாக இருப்பதுபோலவே அது காட்டிக்கொள்ளும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் வந்து உட்காரும் நாளில் நோய் வெகுதூரம் முற்றியிருக்கும். அதற்கு முன்பே உள்ளே நடப்பதைக் காட்டக்கூடியது ரத்தம். அதனால் முதல் பரிசோதனையை, கிளி நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. உங்களிடம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இங்கே பேசுவது பட்ஜீஸ், காக்கட்டீல், ஆப்பிரிக்க சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி.

முதல் படி: எடை பாருங்கள்

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே டாக்டரிடம் போக வேண்டும்.

எவ்வளவு ரத்தம் எடுக்கலாம் என்பதையும் எடைதான் தீர்மானிக்கிறது. பறவையின் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் ரத்தம். ஆரோக்கியமான கிளியிடம் எடையில் 1 சதவீதம் வரை எடுக்கலாம். 90 கிராம் காக்கட்டீலிடம் 0.9 மி.லி.; 35 கிராம் பட்ஜீஸிடம் 0.35 மி.லி. மட்டுமே. 450 கிராம் சாம்பல் கிளி என்றால் 4.5 மி.லி. வரை தாங்கும். நோயுற்ற பறவையிடம் இன்னும் குறைவாகத்தான் எடுப்பார்கள். சிறிய கிளிக்கு எல்லாப் பரிசோதனையையும் ஒரே நாளில் செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டாம் படி: பறவை தெரிந்த டாக்டரைத் தேடுங்கள்

நாய், பூனைக்கு நன்றாகப் பார்க்கும் டாக்டர் எல்லோரும் கிளிக்கு ரத்தம் எடுத்துப் பழகியவர்களாக இருக்க மாட்டார்கள். போனிலேயே தயங்காமல் கேளுங்கள்: கிளிகளுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறீர்களா? எந்த லேபுக்கு அனுப்புகிறீர்கள்? அணுக்களைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பறவையின் சிவப்பணுவில் உண்டு. மனித ரத்தத்துக்கென அமைத்த எந்திரம் அவற்றைப் பிரித்தறியாமல் வெள்ளையணுக் கணக்கைத் தவறாகக் காட்டிவிடும். ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவதே நம்பத்தக்கது.

அருகில் யாரையும் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி இருக்கிறது.

மூன்றாம் படி: கிளம்பும் முன்

சிறிய கூண்டில், மேலே துணி போர்த்தி, காற்று நேரே அடிக்காமல் கொண்டுபோங்கள். தரையில் வெள்ளைத் தாள் விரித்தால் வழியில் போடும் எச்சத்தையும் டாக்டர் பார்க்கலாம். எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிறிய பறவைக்கு நீண்ட பட்டினி ஆபத்து. தீனிப்பை நிரம்பியிருந்தாலோ, பிடிக்கும்போது தீனி மேலேறி மூச்சுக்குழலில் போகக்கூடும். டாக்டரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

நான்காம் படி: ரத்தம் எடுக்கும்போது

துண்டில் சுற்றி, தலையை மெதுவாகப் பிடித்து, கழுத்தின் வலப்பக்க நரம்பில் மெல்லிய ஊசியால் எடுப்பதுதான் வழக்கம். கிளிக்கு இடப்பக்கத்தைவிட வலப்பக்க நரம்பு பெரியது. அங்கே இறகில்லாத ஒரு தடமும் இருப்பதால் நரம்பு கண்ணுக்குத் தெரியும். சிறகின் அடியிலும் காலிலும்கூட எடுப்பதுண்டு. பிடிக்கும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும்: பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்திப் பிடித்தால் கிளி மூச்சுத்திணறிச் செத்தே போகலாம். மிகவும் பயப்படும் பறவைக்குச் சில டாக்டர்கள் லேசாக மயக்க வாயு கொடுப்பார்கள். அதைத் தவறாக நினைக்க வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டி ரத்தம் எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள். வலி அதிகம். நகத்தில் ஒட்டியிருக்கும் எச்சம் கலந்து யூரிக் அமில அளவும் கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: என்னென்ன பார்க்கச் சொல்வது

மனிதருக்குச் சிறுநீரகம் என்றால் கிரியேட்டினின் பார்ப்போம். கிளிக்கு அது உதவாது. யூரிக் அமிலம்தான் பார்க்க வேண்டும். எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுவே. ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால் கால் மூட்டுகளில் படிந்து வீங்கும்.

கல்லீரலுக்கு நமக்குப் பழக்கமான எஸ்.ஜி.பி.டி. இங்கே அதிகம் பயன்படாது. எஸ்.ஜி.ஓ.டி. எனப்படும் ஏ.எஸ்.டி.யையும், தசை நொதியான சி.கே.யையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் தசை அடிபட்டிருக்கலாம். கிளி துள்ளித் திமிறியதாலும் சி.கே. ஏறும். ஏ.எஸ்.டி. மட்டும் ஏறியிருந்தால் கல்லீரல் மேல் சந்தேகம் திரும்பும். பித்த அமிலம் அதை உறுதிசெய்ய உதவும். வருடக்கணக்காகச் சூரியகாந்தி விதையே தின்று வளர்ந்த கிளிக்கு இந்தப் பரிசோதனையும் கொலஸ்ட்ராலும் கட்டாயம் வேண்டும்.

சாம்பல் கிளி வளர்ப்பவர்கள் கால்சியத்தை விடவே கூடாது. அந்த இனத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வந்து கம்பிலிருந்து விழுவது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. முட்டையிடத் தயாராகும் பெண் கிளிக்கோ கால்சியம் இயல்பாகவே உயர்ந்திருக்கும்.

தொற்றுகளில், அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோவைரஸையும் கிளமிடியாவையும் பி.சி.ஆர். முறையில் தேடலாம். கிளமிடியா மனிதருக்கும் பரவி நுரையீரலைத் தாக்கும்; டாக்சிசைக்ளினில் குணமாகக்கூடியது. வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத காய்ச்சலும் இருமலும் இருந்தால், கிளி வளர்ப்பதை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்பதை அதே ரத்தத்தின் ஒரு சொட்டில் டி.என்.ஏ. மூலம் அறியலாம்.

ஆறாம் படி: அறிக்கையைப் படிப்பது

மனிதருக்கான அளவோடு ஒப்பிட்டுப் பதறாதீர்கள். சர்க்கரை 250 என்று வந்தால் நமக்கு நீரிழிவு. கிளிக்கு அது சாதாரணம். இனத்துக்கு இனமும் அளவு மாறும். எல்லாவற்றையும்விட நம்பத்தக்க ஒப்பீடு, அதே கிளியின் பழைய அறிக்கைதான். ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த எண்கள் கையில் இருந்தால், சிறிய ஏற்றத்தைக்கூட டாக்டர் கவனிப்பார். ஒரே ஓர் எண்ணை வைத்து மருந்து தொடங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் திரும்ப எடுத்துப் பார்ப்பதே முறை.

ரத்தம் எடுத்த பிறகு

ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். வீட்டில் இதமான, சத்தமில்லாத இடத்தில் கூண்டை வையுங்கள். லேசான நீலம் பாய்ந்திருந்தால் பயமில்லை. கழுத்து வீங்கிக்கொண்டே போனாலோ, ரத்தம் கசிந்தாலோ, சில மணி நேரமாகத் தீனியைத் தொடாவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

புதிதாக வாங்கிய கிளியை மற்றப் பறவைகளோடு சேர்க்கும் முன் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை பரிசோதனை போதும். அறிக்கைகளை எடைக் குறிப்போடு ஒரே கோப்பில் வையுங்கள். நள்ளிரவில் வேறொரு டாக்டரிடம் ஓட நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.