இருக்கிறதா, இல்லையா? எக்ஸெல் மேக்ரோ சொல்லும் பதில்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "நான் சேவ் செய்த பைல் எங்கே போயிற்று?" என்பதுதான். ஒரு பைல் என்றால் கவலை இல்லை. போல்டரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் பெயரை டைப் செய்திடுங்கள். விண்டோஸ் தேடிக் கொடுத்துவிடும். ஆனால் கையில் முந்நூறு, நானூறு பெயர்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது, அந்தப் பெயர்களில் எந்தெந்த பைல் இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கட்டம் போதாது. போதாது என்பது மட்டுமல்ல, ஆளை ஏமாற்றியும்விடும். நான் ஏமாந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கு மாணவர் அடையாள அட்டை தயாரிக்க உதவினேன். மாணவர்கள் 386 பேர். ஒவ்வொரு படமும் மாணவரின் சேர்க்கை எண்ணையே பெயராகக் கொண்ட பைல். 37-ஆம் எண் மாணவனின் படத்துக்காகத் தேடல் கட்டத்தில் 37 என்று டைப் செய்தேன். ஒரு படம் வந்தது. எடுத்து அட்டையில் போட்டேன். உண்மையில் 37 என்ற பைலே போல்டரில் இல்லை. படம் எடுத்த நாளில் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. விண்டோஸ் எனக்குக் காட்டியது 370-ஆம் எண் மாணவியின் படம். அட்டை அச்சாகி, அவன் கழுத்திலும் ஏறிவிட்டது. மற்ற பிள்ளைகள் கேலி செய்ததால் இரண்டு நாள் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். மூன்றாம் நாள் வகுப்பாசிரியை கவனித்துச் சொன்னார்.

தவறு விண்டோஸுடையது அல்ல. தேடல் கட்டத்தின் வேலையே, பெயர் சரியாக நினைவில்லாதவருக்கு உதவுவது. 37 என்று கேட்டால் 37-இல் தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் கொடுக்கும். நமக்கு வேண்டியது வேறு. 37 இருந்தால் "இருக்கிறது" என்றும், இல்லாவிட்டால் "இல்லை" என்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வரக் கூடாது. இதற்கு எக்ஸெல் மேக்ரோ நன்றாகப் பயன்படுகிறது.

மேக்ரோ என்றதும் பயந்துவிட வேண்டாம். நாம் கையால் செய்யும் வேலையை எக்ஸெல் தானே திரும்பத் திரும்பச் செய்யும்படி எழுதிவைக்கும் குறிப்புதான் அது. இன்று நாம் எழுதும் மேக்ரோ மொழி 1993-இல் எக்ஸெல் 5 பதிப்புடன் வந்தது. எனவே உங்களிடம் உள்ள எக்ஸெல் பழையதா புதியதா என்று யோசிக்க வேண்டாம். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். மேக் கம்ப்யூட்டரில் கீழே உள்ள மேக்ரோ ஓடாது.

முதலில் பட்டியலைத் தயார் செய்வோம். இங்கேதான் பாதிப் பிழைகள் நுழைகின்றன. எண்களை டைப் செய்வதற்கு முன்பே ஏ காலத்தைத் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் சென்று, டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 007 என்று நீங்கள் அடித்ததை எக்ஸெல் 7 ஆக்கிவிடும். 3-4 என்று அடித்தால் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். இது நம்மைப் போன்றவர்களின் தொல்லை மட்டுமல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு, எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே சில மரபணுக்களின் பெயரை மாற்றி, அதை 2020-இல் அறிவித்தது. விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

முதல் வரியில் தலைப்புகள். ஏ காலத்தில் 2-ஆம் வரியிலிருந்து எண்கள். பி காலத்தில் பைலின் முழுப் பெயர், அதாவது எண்ணும் புள்ளியும் ஜேபிஜி என்ற வால் எழுத்துகளும் சேர்ந்தது. இதை ஒவ்வொன்றாக டைப் செய்ய வேண்டாம். பி2 செல்லில் =ஏ2&".ஜேபிஜி" என்ற பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் அடித்து, செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தில் இரண்டு முறை கிளிக் செய்தால் பட்டியல் முழுவதும் இறங்கிவிடும். பதில் வருவதற்கு சி காலத்தைக் காலியாக விடுங்கள். இ1 செல்லில், படங்கள் உள்ள போல்டரின் முழு முகவரி. போல்டரைத் திறந்து மேலே உள்ள முகவரிப் பட்டையில் கிளிக் செய்தால் அது கிடைக்கும். காப்பி செய்து ஒட்டிவிட்டு, கடைசியில் \ குறியைச் சேர்க்க மறக்காதீர்கள். அந்த ஒரு குறி இல்லாவிட்டால் எல்லாப் பைலும் "இல்லை" என்றுதான் வரும்.

இனி நான் செய்த இரண்டாவது தவறைச் சொல்கிறேன். முதல் மேக்ரோவை 'டிர்' என்ற கட்டளையை வைத்து எழுதினேன். டி, ஐ, ஆர் என்ற மூன்றே எழுத்துகள். பல புத்தகங்களில் இதுதான் இருக்கிறது. பைல் இருந்தால் அதன் பெயரைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் வெறுமையைத் தரும். ஓட்டிப் பார்த்தேன். 386 படங்களும் இருக்கின்றன என்றது! 37 இல்லை என்பது எனக்கே தெரியும். பிறகுதான் காரணம் புரிந்தது. நடுவில் வகுப்பு எழுத ஒரு காலம் நுழைத்திருந்தேன்; பைல் பெயர்கள் மூன்றாம் காலத்துக்கு நகர்ந்துவிட்டன. பார்முலா என்றால் தானாகத் திருத்திக்கொள்ளும். மேக்ரோவில் எழுதிய காலம் எண் அப்படியே நிற்கும். அது இரண்டாம் காலத்தில் இருந்த காலி செல்களைப் படித்துக்கொண்டிருந்தது. பெயரில்லாமல் போல்டர் முகவரியை மட்டும் கொடுத்தால், டிர் அந்தப் போல்டரில் உள்ள முதல் பைலின் பெயரைக் கொடுக்கும். ஏதோ ஒரு பெயர் வந்துவிட்டதே என்று மேக்ரோ 386 முறையும் "இருக்கிறது" என்று எழுதிவிட்டது.

டிர் கட்டளையில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் பெயர் வைத்த பைல்களை அது படிக்காது. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கேள்விக்குறி என்றால் டிர் அகராதியில் "ஏதாவது ஓர் எழுத்து" என்று பொருள். சரியான பெயரைத் தேடும் வேலைக்கு இதை எப்படி நம்புவது?

ஆகவே வேறு வழி. எக்ஸெல்லைத் திறந்து ஆல்ட் + எப்11 அழுத்துங்கள். புதிய ஜன்னல் திறக்கும். இன்சர்ட் மெனுவில் மாட்யூல் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். வெள்ளைப் பக்கம் கிடைக்கும். அதில் அடிக்க வேண்டிய ஏழு வரிகளின் உச்சரிப்பைக் கீழே தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும். எக்ஸ், ஒய், என் மூன்றும் தனி எழுத்துகள்.

சப் தேடு()
செட் எக்ஸ் = கிரியேட்ஆப்ஜெக்ட்("ஸ்கிரிப்டிங்.பைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்")
பார் என் = 2 டு 388
ஒய் = செல்ஸ்(1, 5) & ட்ரிம்(செல்ஸ்(என், 2))
இப் எக்ஸ்.பைல்எக்ஸிஸ்ட்ஸ்(ஒய்) தென் செல்ஸ்(என், 3) = 1 எல்ஸ் செல்ஸ்(என், 3) = 0
நெக்ஸ்ட்
எண்ட் சப்

முதல் வரியை அடித்து என்டர் தட்டியதும் கடைசி வரியை எக்ஸெல் தானே போட்டுவிடும். இரண்டாம் வரி, விண்டோஸில் பைல்களைக் கவனிக்கும் பகுதியைத் துணைக்கு அழைக்கிறது. மூன்றாம் வரியும் ஆறாம் வரியும் சேர்ந்து, 2 முதல் 388 வரை ஒவ்வொரு வரியாக இறங்கச் சொல்கின்றன. உங்கள் பட்டியல் எவ்வளவு நீளமோ அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்காம் வரி, இ1 செல்லில் உள்ள முகவரியையும் பைல் பெயரையும் ஒட்டுகிறது. ட்ரிம் என்பது பெயரின் முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த இடைவெளியை வெட்டிவிடும். ஐந்தாம் வரிதான் உயிர்நாடி. அந்தப் பெயரில் பைல் இருந்தால் சி காலத்தில் 1, இல்லாவிட்டால் 0. காலி செல்லைக் கொடுத்தால் 0 என்றே சொல்லும். போல்டர் முகவரி தமிழில் இருந்தாலும் தடையில்லை. அதற்காகத்தான் முகவரியை மேக்ரோவுக்குள் எழுதாமல் செல்லில் எழுதினோம்.

386 பேருக்கு 387-ஆம் வரியோடு முடிந்துவிடுமே, ஏன் 388 என்று கேட்பீர்கள். அந்தக் கடைசி வரியில், நிச்சயம் இல்லாத ஒரு பொய்ப் பெயரை எழுதிவைத்தேன். அதற்கு 0 வந்தால்தான் மற்ற விடைகளை நம்புவது. முதல் மேக்ரோவிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு மாலை நேரம் மிஞ்சியிருக்கும்.

ஷீட்டுக்குத் திரும்பி ஆல்ட் + எப்8 அழுத்தி, மேக்ரோவைத் தேர்ந்தெடுத்து, ரன் கிளிக் செய்திடுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் சி காலம் நிறைந்துவிடும். அதைக் கூட்டினால் உள்ள பைல்களின் எண்ணிக்கை. பில்டர் போட்டு 0 மட்டும் காட்டச் சொன்னால் இல்லாதவை. சேவ் செய்கையில் மேக்ரோவுடன் கூடிய ஒர்க்புக் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸெல் 2007 முதல் சாதாரண வகையில் சேவ் செய்தால் மேக்ரோ போய்விடும். இணையத்திலிருந்து இறக்கிய பைல்களில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தடுக்கத் தொடங்கியது. அந்தத் தடையை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீங்களே டைப் செய்தது ஓடும்.

பழைய புத்தகம் ஏதாவது கையில் இருந்தால் அதில் பைல்சர்ச் என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள். எக்ஸெல் 2003 வரை இருந்தது, 2007-இல் எடுத்துவிட்டார்கள். அதை டைப் செய்து விரல் வலிக்க வேண்டாம்.

எனக்குக் கூட்டுத்தொகை 375 வந்தது. பதினொரு படங்கள் இல்லை. ஆனால் பதினொரு பேரும் வராதவர்கள் அல்லர். போல்டரில் வியூ பகுதிக்குச் சென்று பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தேன். விண்டோஸ் வழக்கமாக வால் எழுத்துகளை மறைத்து வைக்கிறது. அது தெரியாமல் பெயர் மாற்றியவர் வாலையும் சேர்த்து அடித்ததால், நான்கு பைல்களுக்கு இரட்டை வால். இரண்டு பைல்களில் ஜேபிஜி என்பதற்குப் பதில் நடுவே ஒரு எழுத்து கூடி ஜேபிஇஜி என்று இருந்தது. ஒன்றில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து ஓ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். (வால் எழுத்து பெரியதா சிறியதா என்பது பற்றிக் கவலை வேண்டாம், விண்டோஸ் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.) இந்த ஏழு பெயர்களையும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். 382.

மிச்சம் நான்கு பேர். அவர்களில் ஒருவன் 37. மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, அந்தந்த எண்ணை நானே பெயராக அடித்து, மேக்ரோவை இன்னொரு முறை ஓட்டினேன். பொய்ப் பெயரைத் தவிர எல்லாம் 1. பையன் புது அட்டையை வாங்கி, முதலில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டான்.

இந்த மேக்ரோ ஒரே ஒரு போல்டரைத்தான் பார்க்கும். அதற்குள் இருக்கும் போல்டர்களில் இறங்கித் தேடாது. உங்கள் படங்கள் வகுப்பு வாரியாகப் பிரிந்து கிடந்தால், எல்லாவற்றையும் ஒரு போல்டரில் காப்பி செய்துகொண்டு ஓட்டுங்கள். காப்பி செய்யும்போது "இதே பெயரில் பைல் இருக்கிறது" என்று விண்டோஸ் கேட்டால் நிறுத்திப் பாருங்கள். ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட்டிருப்பார்கள்.