அரை வித்தியாசம்: ஓர் எளிய அறிமுகம்



கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் பி.ஐ.டி. கன்ட்ரோலரைப் படித்திருக்கிறோம். அதில் 'டி' என்பது மாற்றத்தைக் கவனிக்கும் பகுதி. மைக்ரோ கன்ட்ரோலரில் அதைச் செய்ய, இப்போதைய சாம்பிளிலிருந்து முந்தைய சாம்பிளைக் கழிக்கிறோம். இதுவே முதல் வரிசை வித்தியாசம். கெழுக்கள் 1, −1. இதையே இரண்டு தடவை செய்தால் இரண்டாம் வரிசை. கெழுக்கள் 1, −2, 1.

சரி, வரிசை அரையாக இருந்தால்? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் லைப்னிட்ஸ் 1695 செப்டம்பர் 30-ல் லோபிதாலுக்கு எழுதிய கடிதத்திலேயே அரை வகைக்கெழு பற்றிய பேச்சு இருக்கிறது. பிறகு 1867-ல் குருன்வால்டும் 1868-ல் லெட்னிகோவும் வித்தியாசங்களை வைத்தே இதற்கு வழி காட்டினார்கள்.

வழி இதுதான். முதல் கெழு 1. வரிசையோடு 1-ஐக் கூட்டி, அதை 1, 2, 3 என்று முறையாக வகுத்து, வருவதை 1-லிருந்து கழியுங்கள். அதால் முந்தைய கெழுவைப் பெருக்கினால் அடுத்த கெழு. வரிசை 1 என்றால் 1, −1, 0, 0 என்று நின்றுவிடும். வரிசை அரை என்றால் 1, −0.5, −0.125, −0.0625, −0.0390625 என்று முடிவே இல்லாமல் போகும்! ஒரு சிக்னலுக்கு அரை வித்தியாசத்தை இரண்டு தடவை செய்தால், ஒரு முழு வித்தியாசம் அப்படியே கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

இதன் பொருள் என்ன? முழு வித்தியாசத்துக்கு ஒரே ஒரு பழைய சாம்பிள்தான் ஞாபகம் இருக்கும். அரை வித்தியாசமோ ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும், பழையதைக் கொஞ்சமாக, ஞாபகம் வைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். "நேத்து எரிச்ச நெருப்பு இன்னிக்கும் செவுத்துக்குள்ள இருக்குடா" என்பார். கணக்கும் இதையேதான் சொல்கிறது. தடித்த சுவருக்குள் வெப்பம் நுழையும் வேகம், மேற்பரப்பு வெப்பநிலையின் அரை வகைக்கெழுவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் (வெப்பம் மறுபக்கத்தை எட்டாத வரை). இப்படிப்பட்ட சிஸ்டங்களுக்காகத்தான் பொட்லுப்னி 1999-ல் 'ஐ', 'டி' இரண்டின் வரிசையும் பின்னமாக இருக்கக்கூடிய பி.ஐ.டி. கன்ட்ரோலரை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

ஆனால் ஞாபகத்துக்கு விலை உண்டு. நமக்குத் தெரிந்த 8051-ல் உள்ளே இருக்கும் ராம் 128 பைட். ஒரு சாம்பிளுக்கு 2 பைட் என்றால், வேறெதற்கும் இடம் விடாவிட்டால்கூட 64 சாம்பிள்தான். எனவே பழையதை வெட்ட வேண்டும். வெட்டினால் என்ன ஆகும்? எப்போதும் 1 என்றே வரும் சிக்னலைக் கொடுங்கள். வெட்டாத அரை வித்தியாசம் 1, 0.5, 0.375, 0.3125, 0.2734 என்று மெல்ல இறங்கி பூஜ்யத்தை நோக்கிப் போகும். 5 கெழுக்களோடு நிறுத்தினால் 0.2734-லேயே நின்றுவிடும். 64 கெழுக்கள் வைத்தாலும் சுமார் 0.07 மிஞ்சும். மாறாத சிக்னலை மாறுவதாக நினைத்துக் கன்ட்ரோலர் வால்வைத் தேவையில்லாமல் தள்ளியே வைத்திருக்கும்! அதனால் எத்தனை சாம்பிள் வைப்பது என்று முடிவு செய்வதுதான் இங்கே உண்மையான டிசைன் வேலை.

"டிப்ளமோக்காரனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலே நாம் செய்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. சூளையையும் பாய்லரையும் நேரில் பார்த்து இயக்கப் போகிறவர்களும் நாம்தானே?

வரிசை 0.3-க்கு நீங்களே கெழுக்களைக் கண்டுபிடியுங்கள். 1, −0.3, −0.105 என்று தொடங்கினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

— மூன்றாமாண்டு மாணவன், கருவியியல் பிரிவு