பிணியும் மருந்தும்: ஒரு கட்டளைக் கருவியின் பிழை தீர்ந்த வரலாறு

முன்னுரை

கணிப்பொறி நிரல்கள் மனித அறிவின் படைப்புகள். ஆகவே மனிதப் பிழைகளும் அவற்றுள் கலந்தே இருக்கும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனுக்கு நான்கு படிகளை வகுக்கிறது: பிணியை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், அதனைப் பொருந்தச் செய்தல். லினக்ஸ் இயங்குதளத்தில் 2021ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஒரு பிழையை இந்நான்கு படிகளின் வழியே இக்கட்டுரையில் காண்போம்.

கருவியும் பொதியும்

லினக்ஸ் கர்னலோடு பல்லாயிரம் கருவிகளைச் சேர்த்து, நிறுவுதற்கேற்ற பொதிகளாக்கி அளிப்பன டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள். பெரும்பாலும் நிரலை எழுதுவோர் ஒருவர். அதனைப் பொதியாக்கிப் பேணுவோர் வேறொருவர். நூலாசிரியருக்கும் பதிப்பாசிரியருக்கும் உள்ள உறவு இது எனலாம்.

'சுடோ' அத்தகைய பொதிகளுள் ஒன்று. சாதாரணப் பயனர் தமக்கு அனுமதிக்கப்பட்ட பணியைத் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு செய்ய இக்கட்டளைக் கருவி உதவுகிறது. எவர் அழைத்தாலும் இது முழு அதிகாரத்தோடே இயங்கத் தொடங்கும். பின்னரே அழைத்தவருக்கு அனுமதி உண்டா என ஆராயும். எனவே இதனுள் நேரும் சிறு பிழையும் கருவூலப் பூட்டில் நேர்ந்த பழுதுக்கு ஒப்பாகும்.

பிணியை அறிதல்

கோப்புகளைத் திருத்துவதற்காக இதே கருவி 'சுடோஎடிட்' என்னும் பெயராலும் அழைக்கப்படும். அப்பெயரோடு '-எஸ்' என்னும் விருப்பக்குறியையும், தனித்ததொரு பின்சாய்கோட்டையும், அடுத்து 65,536 எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லையும் இட்டபோது, நினைவக ஒழுங்கு சிதைந்தது என்று அறிவித்துவிட்டுக் கருவி நிலைகுலைந்து வீழ்ந்தது.

ஈண்டு ஒன்றை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். நிரல் தனக்கு அளந்து தரப்பட்ட நினைவக எல்லையைக் கடந்து எழுதினாலும், எழுதிய அக்கணமே வீழ்ந்துவிடுவதில்லை. பிறிதோர் இடத்தில் மீண்டும் நினைவகம் கேட்கும்போதே பெரும்பாலும் வீழ்கிறது. ஆதலின் ஜி.டி.பி. போன்ற பிழையறி கருவி முதலில் காட்டுவது வீழ்ந்த இடத்தையே. அவ்விடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் செப்பனிடுவது, காய்ச்சலின் காரணம் அறியாது நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றது.

காரணத்தை அறிதல்

இக்கருவியின் இரு பகுதிகள் இங்குத் தொடர்புடையன. முதற்பகுதி, பயனர் தந்த சொற்களில் உள்ள சிறப்புக் குறி ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய்கோட்டை இடும். இரண்டாம் பகுதி அச்சாய்கோடுகளை நீக்கி, அடுத்துள்ள எழுத்தைப் படியெடுக்கும். முதற்பகுதி தன் கடமையைச் செய்திருப்பின் எச்சொல்லும் தனித்த பின்சாய்கோட்டில் முடியாது. இரண்டாம் பகுதி இந்நம்பிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆனால் 'சுடோஎடிட் -எஸ்' என்று அழைத்தபோது முதற்பகுதி வாளாவிருந்தது. இரண்டாம் பகுதி மட்டும் இயங்கியது. தனித்த சாய்கோட்டுக்கு அடுத்து நின்றதோ சொல்லின் முடிவைக் காட்டும் குறி. அதனையும் சாதாரண எழுத்தாகக் கருதிப் படியெடுத்த நிரல், சொல் முடிந்தது அறியாமல் அதற்கு அப்பாலும் படியெடுத்துச் சென்றது. இடமோ சொற்களின் நீளத்திற்கே அளக்கப்பட்டிருந்தது; எல்லை உடைந்தது.

2011 ஜூலையில் நிரலுள் புகுந்த இப்பிழை ஒன்பதரை ஆண்டுகள் உறங்கியது. குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2021 ஜனவரி 26 அன்று இதனை வெளியிட்டனர். அனுமதிப் பட்டியலில் இல்லாத பயனரும், கடவுச்சொல் இன்றியே, தலைமை அதிகாரத்தைக் கைப்பற்ற இயலும் என்பதை உபுண்டு 20.04, டெபியன் 10, ஃபெடோரா 33 ஆகியவற்றில் அவர்கள் மெய்ப்பித்தனர்.

தணித்தலும் பொருந்தச் செய்தலும்

தீர்வு காரணத்தையே தொட்டது. சுடோஎடிட்டில் '-எஸ்' குறி மறுக்கப்பட்டது. இரு பகுதிகளும் ஒத்த நிபந்தனைகளைச் சோதிக்குமாறு திருத்தப்பட்டன. சொல்லின் முடிவுக் குறியைக் கடந்து செல்லாத காப்பும் சேர்க்கப்பட்டது. இவற்றோடு 1.9.5பி2 பதிப்பு வெளிவந்தது.

டெபியன் 10இல் இருந்ததோ 1.8.27. நிலைத்த வழங்கலில் புதிய பதிப்பை அப்படியே புகுத்தினால் வேறு மாற்றங்களும் உடன் நுழையும். ஆகவே பொதியைப் பேணுவோர் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய நிரலுக்குப் பொருத்தினர். மூலப் பதிப்பெண் மாறவில்லை. டெபியனின் திருத்த எண் மட்டுமே மாறியது. எனவே பதிப்பெண்ணை மட்டும் கண்டு பொதி பழுதுடையது என முடிவு செய்தல் தவறு. மாற்றக் குறிப்பேட்டையும் படித்தறிதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

காரணம் அறியாது செய்த மருத்துவத்திற்கும் சான்று உண்டு. 2006ஆம் ஆண்டில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி தந்த எச்சரிக்கையைப் போக்கும் பொருட்டு நிரல்வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை நின்றது. ஆனால் மறைக்குறியீட்டுத் திறவுகளுக்குத் தேவையான தற்செயல் தன்மையும் உடன் அழிந்தது. எஞ்சியது பெரும்பாலும் 32,768 வரையிலான செயல் எண் ஒன்றே. 2008 மே 13 அன்று இது வெளியிடப்பட்டபின், அப்பொதியால் இடைக்காலத்தில் ஆக்கப்பட்ட திறவுகளை மாற்ற வேண்டியதாயிற்று.

முடிவுரை

வீழ்ந்த கருவி குறையை உரக்கச் சொல்கிறது; அதன் வாயை அடைப்பது தீர்வாகாது. ஒரு வரியை நீக்குமுன் அவ்வரி ஏன் எழுதப்பட்டது என்று கேட்பதும், திருத்தியபின் அதன் காரணத்தைப் பிறர் அறியப் பதிவதும் இத்துறையின் அறமாகும். நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் முதற்கண் கைக்கொள்ள வேண்டிய பண்பும் அதுவே.