முகக்கவசமும் பொதுமக்களும்

நோய் பரவுங் காலத்து மருத்துவரும் நோயாளருமேயன்றிப் பொதுமக்களும் முகக்கவசம் அணிதல் வேண்டுமோ என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். பெருமாநல்லூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர் பலர், நாடோறும் பேருந்தில் நெருங்கிச் சென்று, பனியன் கம்பெனிகளிலே அருகருகே அமர்ந்து தைப்பவராதலின், இவ்வினா நம் பகுதியார்க்கு ஏட்டளவில் நிற்பதன்று.

இதற்குப் பழைய சான்று ஒன்றுண்டு. 1910-11ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக்கு பரவியபொழுது, பினாங்கிற் பிறந்த ஊ லியன் தே என்னும் மருத்துவர், அந்நோய் மூச்சுவழியே பற்றுவதென்று துணிந்து, சல்லாத்துணியின் இடையே பஞ்சு வைத்த கவசத்தை அணியச் செய்தார். அவருரையை ஏலாது கவசமின்றி நோயாளரைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சின்னாளில் அந்நோயாலேயே இறந்தார்.

எனினும், மருத்துவர்க்குத் தக்கது மக்கள் யாவர்க்கும் தகுமென்று உடனே முடிவு செய்தல் கூடாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவத் தொடங்கியபொழுது, உலக சுகாதார நிறுவனம் நலமுடையோர் யாவரும் கவசமணிதலை முதலில் வற்புறுத்தவில்லை. போதிய சான்றின்மையும், மருத்துவமனைகட்குக் கவசம் குறைபடுமென்னும் அச்சமுமே காரணங்களாம். அறிகுறி தோன்றாதவரும் நோயைப் பரப்பக்கூடும் என்பது புலப்பட்டபின், அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள், நோய் பரவிய ஊர்களில் விலகி நிற்க இயலாதவிடத்துப் பொதுமக்களும் துணிக்கவசம் அணிக என அறிவுரைத்தது.

இதனால் விளையும் பயன் எத்துணை? 2020-21இல் வங்காள தேசத்துச் சிற்றூர்கள் 600இல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. கவசமும் அறிவுரையும் வழங்கப்பெற்ற ஊர்களில் நூற்றுக்கு 42 பேரும், ஏனைய ஊர்களில் 13 பேரும் முறையாக அணிந்தனர். முன்னைய ஊர்களில் அறிகுறியோடு கூடிய நோய் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறைந்தது. மருத்துவக் கவசத்தின் பயன் தெளிவாயிற்று; துணிக்கவசத்தின் பயன் அத்துணைத் தெளிவாகவில்லை.

ஆகவே, எத்துணி என்னும் வினாவும் உடனெழுகின்றது. அந்நோய்க் காலத்தில் திருப்பூர்க் கம்பெனிகள் பல கவசந் தைத்தன. பின்னலாடைத் துணியோ இழுக்க நீள்வது. நீளுங்கால் அதன் கண்கள் விரிந்து நுண்டுளிகளுக்கு வழிவிடும். இதுபற்றியே நீளுந் துணியைத் தவிர்க்குமாறும், மூன்றடுக்காகத் தைக்குமாறும் அந்நிறுவனம் கூறியது. மூக்கின் கீழே தொங்குவதும், வியர்வையில் நனைந்தபின் மாற்றப்படாததும் பயன் தாரா.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிவு யாதெனில், வெட்டவெளியிலே தனித்து நிற்பவனைக் கவசமணியுமாறு வற்புறுத்த வேண்டுவதில்லை; நோய் பரவுங் காலத்து, அடைபட்ட கூடத்திலும் பேருந்திலும் நெருங்கியிருப்போர் அணிதலே தக்கது. அங்ஙனம் அணிய வேண்டுமெனின், நல்ல கவசத்தைக் கூலியாட்கள் தம் கூலியினின்று வாங்குமாறு விடாது, தொழில் நடத்துவோரே வழங்குதல் முறையாகும்.